என் மச்சான் மாடா, மனிதனா?

என் மச்சான் மாயோவா மாடா மனிதனா என்று தீர்மானிப்பதற்காக, கடல் தாண்டி வந்து எங்களை ஆளும் காஸ்டீல் தேசத்திலிருந்து மூன்று படித்தவர்கள் கப்பலேறி வந்தார்கள். வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்கள் தீவுக் கரையில் கால் வைத்ததும் குழுத் தலைவர் டான் கஸ்பார் மணலில் குப்புற விழுந்தார். மண்ணை முத்தமிடுகிறார் போலிருக்கிறது என்று வரவேற்க வந்த கூட்டம் முழுவதும் முழங்காலிட்டது. அது மயக்கம் என்று தெரிய வெகுநேரம் ஆயிற்று. அவரைத் தூக்கி வலைத்தொட்டிலில் கிடத்தி, அன்னாசிச் சாறு புகட்டி, விசிறிவிட்டவன் என் மச்சான்தான். டான் கஸ்பார் கண்ணைத் திறந்தார். விசிறிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார்.

"இதுங்களுக்குப் புத்தின்னு ஒண்ணு உண்டா?" என்று கேட்டார்.

விசாரணை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நான் துபாஷி. பெயர் யாரெய். கறுப்பு மேலங்கி போட்ட சாமியார்களின் மடத்தில் எடுபிடியாக இருந்து அவர்கள் பாஷையைக் கற்றவன். இவர்கள் கத்துவதை எங்கள் சனத்துக்கும், எங்கள் சனம் முனகுவதை இவர்களுக்கும் மாற்றிச் சொல்வது என் பிழைப்பு. மாயோவா கட்டியிருப்பது என் தங்கை அனாகாவை. ஆகவே இந்த விவகாரத்தில் நான் நடுநிலையானவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நடுநிலையானவர்கள்தான் கப்பலில் வந்திருந்தார்களே, அவர்கள் யோக்கியதையைத்தான் சொல்லப்போகிறேன்.

காஸ்டீல் அரசர் எங்கள் ஊரை டான் பெல்த்ரான் என்பவரிடம் ஒப்படைத்திருந்தார். ஒப்படைப்பு என்றால் என்ன? நாங்கள் அவருக்கு ஆற்றில் பொன் அரித்துக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு அவர் எங்களுக்கு வேதம் சொல்லித்தர வேண்டும். பொன் போயிற்று. வேதம் என்று அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வரிதான்: "தேவமாதாவே, எழுந்திருங்கடா சோம்பேறிக் கழுதைகளா!" அதைத்தான் செபம் என்று நினைத்து, எங்கள் ஊரில் பலர் கண்களை மூடிக் கைகளைக் கூப்பி, இரவு படுப்பதற்கு முன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்தான் விஷயத்தைச் சொல்லி நிறுத்தினேன். சிலர் நிறுத்தவில்லை. சொன்னால் நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.

அனாகாவை மலையாற்றுக்கு அனுப்பியிருந்தார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்று மணலை அரிக்க வேண்டும். முந்தைய வருஷம் போன பெண்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மழை தொடங்கினால் ஆறு பொங்கும். அதற்குள் அவள் வந்துவிட வேண்டும். மாயோவாவுக்கு உலகத்தில் வேறு கவலையே கிடையாது. யார் எது பேசினாலும் கடைசியில் அவன் கேட்பது ஒன்றுதான்: "சரி, அனாகா எப்ப வருவா?"

இந்த நிலையில்தான் எங்கள் மடத்துத் தமாசோ சாமியார் தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏறினார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் தடித்தது. முன்வரிசையில் பட்டுச் சட்டையோடு உட்கார்ந்திருந்த டான் பெல்த்ரான் முதலான முதலாளிமார்களைப் பார்த்து, "உங்க அத்தனை பேருக்கும் நரகம்தான். இதுல நடுத்தெரு, ஓரத்தெரு வித்தியாசமே கிடையாது. இந்தச் சனங்கள விடுதலை பண்ற வரைக்கும் என்கிட்ட எவனும் பாவமன்னிப்புக்கு வரக் கூடாது" என்றார். ஒரு முதலாளியம்மாவின் கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது.

மற்ற முதலாளிகள் கெட்டிக்காரர்கள். தேவாலயத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு பங்குச் சாமியார் இருந்தார். அவரே எங்கள் சனத்தில் கொஞ்சம் பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு பன்றி வளர்த்தவர். கண்ணை மூடிக்கொண்டு மன்னிப்பு வழங்குவார். எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். டான் பெல்த்ரானால் மட்டும் போக முடியவில்லை. பங்குச் சாமியாரின் பன்றிகள் வேலி தாண்டி வந்த விவகாரத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தவக்காலம் முடிந்து வரும் உயிர்ப்பு ஞாயிறன்று, பாவமன்னிப்புக் கிடைக்காமல், நற்கருணை அப்பம் வாங்காமல் நின்றால் ஊர் சிரிக்கும். அதைவிட, செவில் நகரத்திலிருந்து அவருக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெண் கப்பலேறும் நேரம். வேறு வழியின்றித் தமாசோ சாமியாரிடமே போனார்.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் இரகசியம்தான். ஆனால் டான் பெல்த்ரான் கத்தியது சந்தை வரைக்கும் கேட்டது.

"குடிச்சேன், சூதாடினேன், பொய்ச் சத்தியம் பண்ணினேன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேனே சாமி! இன்னும் என்ன?"

"அதெல்லாம் தூசி. ஒரு ஊரையே முழுங்கிட்டு உக்காந்திருக்கியே, அதைச் சொல்லு."

"அது பாவம் இல்ல சாமி. அது என் சொத்து!"

"அப்ப சொத்துகிட்டயே போய் மன்னிப்பு வாங்கிக்க."

சாமியார்கள் விடுதலை, விடுதலை என்று ஓயாமல் கேட்பதைப் பற்றி டான் பெல்த்ரான் முந்தைய வருஷமே அரசருக்கு முறையிட்டிருந்தார். இந்தச் சனங்களுக்குப் புத்தி கிடையாது, விடுதலை கொடுத்தால் பட்டினி கிடந்து செத்துவிடுவார்கள், அவர்கள் மேல் உள்ள பிரியத்தால்தான் சாட்டையால் அடித்து வளர்க்கிறோம் என்று. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அரசரும் யோசித்துவிட்டுக் குழுவை அனுப்பிவைத்தார். எங்களுக்குப் புத்தி இருக்கிறதா என்று குழு பரிசோதிக்க வேண்டும். இருந்தால் எங்கள் ஊருக்கு விடுதலை. இல்லாவிட்டால் பழையபடி ஆறு, மணல், சாட்டை.

குழுவில் டான் கஸ்பார் தலைவர். கூட ஓர் எழுத்தர். மூன்றாமவர் வேதசாஸ்திரப் பண்டிதர். வந்த நாள் முதல் தூங்கினார். நகரசபை மூவரையும் மாலை போட்டு வரவேற்று, ஆராய்ச்சிக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் எங்கள் சனத்தை வேலைக்கு ஒப்படைத்தது. பாரபட்சம் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்பதற்காக மூவருக்கும் சமமாகவே கொடுத்தார்கள். டான் கஸ்பார் நெகிழ்ந்துபோய்ப் பேசினார்.

"நாங்க யார் பக்கமும் இல்ல. இந்தச் சனங்க சுதந்திரமா இருக்கலாமா வேண்டாமான்னு திறந்த மனசோட ஆராயத்தான் வந்திருக்கோம். இவ்வளவு பேரை எங்க கைக்கே கொடுத்ததால இனி அவசரமே இல்லாம ஆராயலாம்."

பரிசோதனைக்கு ஒரு மாதிரி மனிதன் வேண்டும் அல்லவா? டான் பெல்த்ரான் உடனே மாயோவாவைத் தள்ளிவிட்டார். காரணம் இருந்தது. பாதையில் கிடந்த ஒரு பொன்முடிப்பை மாயோவா எடுத்துக்கொண்டுபோய் அவரிடமே கொடுத்திருக்கிறான். "பத்து ஊர் சுத்தினாலும் இவனைவிட முட்டாள் கிடைக்க மாட்டான் ஐயா" என்று டான் பெல்த்ரான் சத்தியம் செய்தார். எழுத்தர் அதைச் சான்றாக எழுதிக்கொண்டார்.

விசாரணை நகரசபைக் கூடத்தில் நடந்தது. நான் மச்சானுக்குப் பக்கத்தில் நின்றேன். தமாசோ சாமியார் எங்கள் தரப்பில் வாதாட ஒரு முக்காலி போட்டுக்கொண்டார். அவர் இளமையில் சலமாங்கா பாடசாலையில் தர்க்கம் படித்தவராம். இந்தத் தீவுக்கு வந்தபின் வாதம் செய்ய ஆள் கிடைக்காமல் வறண்டு கிடந்தார். அன்று முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"யாரெய், என்ன சொன்னா அனாகா வருவா?" என்று மாயோவா என் காதில் கேட்டான். "அதையே சொல்லிடறேன்."

"மனசுல பட்டதைச் சொல்லு மச்சான். நான் பாத்துக்கறேன்."

அது நான் செய்த முதல் தப்பு.

டான் கஸ்பார் தொண்டையைச் செருமினார். "முதல் கேள்வி. உன்கிட்ட ரெண்டு சட்டை இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட ஒண்ணுமே இல்ல. என்ன செய்வே?"

மாயோவா என்னைப் பார்த்தான். "இதென்னடா கேள்வி? ஒண்ணைக் குடுத்துருவேன். எனக்கு உடம்பு ஒண்ணுதானே?"

நான் சொன்னதும் கூடத்தில் முதலாளிமார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். டான் கஸ்பார் வருத்தத்தோடு எழுத்தரிடம், "சொத்துன்னா என்னன்னே தெரியல. எழுதிக்குங்க" என்றார்.

தமாசோ சாமியார் எழுந்தார். "ரெண்டு சட்டை வெச்சிருக்கிறவன் ஒண்ணைக் குடுக்கணும்னு சொன்னது யேசுவுக்கே ஞானஸ்நானம் குடுத்த ஸ்நாபக அருளப்பர். வேதத்துலயே இருக்கு."

"இங்க விசாரணை அருளப்பர் மேல நடக்கல சாமி. தவிர, அப்படிச் சட்டையைக் குடுத்துக்கிட்டுத் திரிஞ்சவருக்குக் கடைசியில தலையே போச்சு. புத்தியுள்ளவன் செய்யற வேலையா அது?"

தூங்கிக்கொண்டிருந்த பண்டிதர், "ஆமென்" என்றார்.

அடுத்தது செய்முறைத் தேர்வு. புத்தியுள்ள காஸ்டீல் விவசாயியைப் போல மாயோவா கோதுமை பயிரிட்டுக் காட்ட வேண்டும். எங்கள் தீவில் கோதுமை விளையாது. முளைக்கும், பச்சையாக இளிக்கும், அழுகும். மாயோவா விதைத்தான். அழுகியது. வாசனை பிடித்துப் பார்த்துவிட்டு அதே நிலத்தில் மண்ணைக் குவித்து மரவள்ளிக் குச்சிகளை நட்டுவிட்டு வந்தான். குழுவுக்கு அன்றைக்கும் மதியச் சாப்பாடு மரவள்ளி ரொட்டிதான்; தீவில் எல்லாரும் தின்பது அதுதான்.

டான் கஸ்பார் ரொட்டியை மென்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார். "விடாமுயற்சி இல்ல. நம்ம குடியேறிகள் வந்த நாள்லேருந்து வருஷா வருஷம் கோதுமை போடறாங்க. ஒரு வருஷம்கூட வெளைஞ்சதில்ல. விட்டாங்களா? அதுக்குப் பேர்தான் புத்தி. இவன் ஒரே தடவையில நிறுத்திட்டான். இன்னும் ரெண்டு ரொட்டி கொண்டா."

மாயோவா கொண்டுவந்து வைத்தான்.

"கடைசிக் கேள்வி. ஒருத்தன் வந்து உன் நிலத்தைப் பிடுங்கிக்கிட்டா என்ன செய்வே?"

மாயோவா டான் பெல்த்ரானைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "டேய், அடிப்பேன்னு சொன்னா காட்டுமிராண்டின்னுவாங்க. விட்டுடுவேன்னு சொன்னா புத்தி இல்லன்னுவாங்க. எது சரின்னு அவங்களையே கேளு."

நான் கேட்டேன். டான் கஸ்பார் பெருந்தன்மையோடு, "வழக்குப் போடணும்" என்றார்.

"யார்கிட்ட?" என்றான் மாயோவா.

"அரசர் நியமிச்ச எங்ககிட்டத்தான்."

"நிலத்தைப் பிடுங்கினதும் அரசர் நியமிச்ச ஆளாவே இருந்தா?"

டான் கஸ்பார், "கேள்விகள் முடிஞ்சுது" என்றார்.

மறுநாள் தீர்ப்பு வந்தது. இச்சனங்களுக்குச் சேர்த்துவைக்கும் குணமில்லை, எதிர்காலக் கவலையில்லை, வழக்காடும் ஆர்வமில்லை, ஆகவே புத்தியில்லை, ஆகவே இவர்கள் மேய்ப்பன் தேவைப்படும் கால்நடை வகையைச் சேர்ந்தவர்கள். முதலாளிமார்கள் கைதட்டினார்கள். மாயோவா என்னிடம், "நான் மாடுன்னா அனாகா எப்ப வருவா?" என்று கேட்டான்.

தமாசோ சாமியார் எழுந்து தலைகுனிந்து வணங்கினார். "ரொம்பச் சந்தோஷம். கால்நடைன்னா பத்துல ஒண்ணு திருச்சபைக்குத் தசமபாகம். டான் பெல்த்ரான் இது வரைக்கும் ஒண்ணுகூடக் கட்டல. வந்த நாள்லேருந்து பாக்கி. நான் இன்னிக்கே ஓட்டிக்கிட்டுப் போறேன்."

டான் பெல்த்ரானின் முகம் வெளுத்தது. கையிலிருப்பதை விட மனம் வராது அவருக்கு, உடும்புப் பிடி. "பத்துல ஒண்ணா? என் ஆளுங்கள்லயா? அநியாயம்! என்ன சாமி, மனுஷனைப் போய் மாடுங்கறீங்க? அவனைப் பாருங்க! ரெண்டு காலு! வெக்கப்படறான் பாருங்க! என்னையும் உங்களையும் மாதிரி மனுஷன் சாமி!"

"எழுதிக்குங்க" என்றார் தமாசோ சாமியார் எழுத்தரிடம்.

மாயோவா அன்றைக்கு மனிதனானான். மடத்துக்குத் திரும்பும்போது சாமியார் வழியெல்லாம் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "பாத்தியா யாரெய், எப்படி மடக்கினேன்?"

"அருமை சாமி. அப்ப என் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு வந்துரலாமா?"

"பொறு மகனே. வாதம் இப்பத்தான் சூடு பிடிக்குது."

குழு மறுபடி கூடியது. மனிதர்கள்தான், ஆனால் போரில் பிடிபட்ட எதிரிகள். ஆகவே அடிமைகள் என்று டான் பெல்த்ரான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்குச் சட்டம் உண்டு. ஊரைத் தாக்கும் முன் அரசரின் எச்சரிக்கை ஓலையை வாசித்துக் காட்ட வேண்டும். அரசருக்குப் பணிந்தால் சரி. பணியாவிட்டால் நடப்பதெல்லாம் உங்கள் குற்றமே என்று அதில் இருக்கும். அதைக் கேட்டும் பணியாதவன்தான் எதிரி.

"வாசிச்சீங்களா?" என்று கேட்டார் தமாசோ சாமியார்.

"கணீர்னு வாசிச்சேன்."

"எங்கிருந்து?"

"ஊருக்குப் பக்கத்து மலை மேலருந்து. கிட்டப் போனா முழிச்சுக்குவாங்களே!"

"எந்தப் பாஷையில?"

"காஸ்டீல் பாஷையில. நடுநடுவுல இலத்தீனும் இருந்துச்சு."

"கேட்டவங்க என்ன பதில் சொன்னாங்க?"

"யாரும் எழுந்துகூட வரல சாமி. திமிர்!"

மாயோவாவிடம் கேட்கச் சொன்னார்கள். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "அன்னிக்கு மலை மேல யாரோ வயித்துவலியில கத்தற மாதிரி இருந்துச்சு. பாவம்னு மருந்துக் கஷாயம் எடுத்துக்கிட்டு ஓடினேன். போறதுக்குள்ள ஊர் தீப்பிடிச்சுது."

டான் கஸ்பாருக்கே இருமல் வந்துவிட்டது. தமாசோ சாமியார் விடவில்லை. "சரி, போர்னே வெச்சுக்குவோம். போர்க் கொள்ளையில அஞ்சுல ஒரு பங்கு அரசருக்குச் சேரணுமே. கட்டியாச்சா?"

டான் கஸ்பார் இருமலை நிறுத்தினார். அவர் அரசரின் ஆள். "டான் பெல்த்ரான், அரசர் பங்கைக் கட்டலயா?"

"போரா? எந்தப் போர்?" என்று டான் பெல்த்ரான் பதறினார். "போர்லாம் ஒண்ணும் நடக்கல. சும்மா பாக்கப் போயிருந்தேன். இவங்க என் பிள்ளைங்க மாதிரி ஐயா. நான் பெத்த தகப்பன் மாதிரி!"

"பிள்ளைங்க!" என்று தமாசோ சாமியார் கண்களை மூடி ரசித்தார். "எழுதிக்குங்க. இவருக்கு அப்புறம் சொத்தெல்லாம் இந்தப் பிள்ளைங்களுக்குத்தான். செவில்லேருந்து வர்ற பொண்ணு வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மாப்பிள்ளைக்கு ஊர் நெறையப் பிள்ளைங்கன்னு."

மாயோவாவுக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை. டான் பெல்த்ரான் தன்னைப் பிள்ளை என்றது மட்டும் புரிந்தது. எங்கள் வழக்கப்படி ஒருவன் உன்னைச் சொந்தம் என்று சபையில் சொல்லிவிட்டால் சும்மா நிற்கக் கூடாது; கட்டிக்கொண்டு பேரை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் உன் பேரை வைத்துக்கொள்வார், நீ அவர் பேரை வைத்துக்கொள்வாய். மாயோவா நேரே போய் டான் பெல்த்ரானைக் கட்டிக்கொண்டான்.

"இன்னிலேருந்து நான் டான் பெல்த்ரான். நீங்க மாயோவா" என்று கண்கலங்கச் சொன்னான். "அப்பா, உங்க மருமக ஆத்துல நிக்கிறா. கூட்டிக்கிட்டு வந்துருங்கப்பா."

நான் மொழிபெயர்த்தேன். பண்டிதர் விழித்துக்கொண்டு, கட்டிப்பிடித்து நிற்கும் இருவரையும் பார்த்து, "இதுல பரிசோதனைக்கு வந்தவன் எவன்?" என்று கேட்டார். கூடத்தில் சிரிப்பு அடங்கவில்லை. டான் பெல்த்ரான், "விடுறா, விடுறா" என்று திமிறினார். என் மச்சான் விட்டால்தானே!

அதற்குமேல் குழுவால் நகர முடியவில்லை. மாடு என்றால் திருச்சபைக்குப் பாக்கி. எதிரி என்றால் அரசருக்குப் பாக்கி. பிள்ளை என்றால் கல்யாணம் நின்றுபோகும். புத்தியுள்ள மனிதன் என்றால் விடுதலை. இன்னும் ஒரு வாரத்தில் உயிர்ப்பு ஞாயிறு. டான் கஸ்பாரும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். பங்குச் சாமியாரிடம் போய் நிற்க அரசருடைய தூதருக்குக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. அவர் தமாசோ சாமியாரைத் தனியே அழைத்தார். துபாஷி தேவையில்லை என்றாலும் நானும் கூடவே போனேன். என்னை ஒரு ஆளாக அவர்கள் கணக்கில் எடுக்காததில் அப்படி ஒரு வசதி இருந்தது.

"ஒரு வழி சொல்லுங்க சாமி. முடிவும் எடுக்கக் கூடாது. பாவமும் ஒட்டக் கூடாது."

"அது உங்களுக்குக் கை வந்த கலைதானே" என்றார் சாமியார். "காஸ்டீலுக்கு எழுதிக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் வழக்கு நிலுவை. வழக்குல இருக்கிற பொருளை வாதி பிரதிவாதி ரெண்டு பேர்கிட்டயும் விட்டு வெக்காம, பொதுவான இடத்துல ஒப்படைக்கணும்னு உங்க சட்டமே சொல்லுது. எங்க மடம் பொதுவான இடம்தானே? ஆத்துல இருக்கிறவங்க, ஊர்ல இருக்கிறவங்க, உங்க மூணு பேர்கிட்ட இருக்கிறவங்க எல்லாரையும் கொண்டாந்து விடுங்க. நான் மன்னிப்புத் தர்றேன்."

டான் கஸ்பார் யோசித்தார். முடிவெடுக்க வேண்டியதில்லை என்ற வார்த்தை அவர் முகத்தில் வெளிச்சம் போட்டது. டான் பெல்த்ரானும் சம்மதித்தார். அடுத்த கப்பலிலேயே தனக்குச் சாதகமாகப் பதில் வந்துவிடும் என்று நம்பினார். தவிர, கட்டிப்பிடிக்கிற பிள்ளை வீட்டுப் பக்கம் வராமல் இருந்தால் போதும் என்று ஆகியிருந்தது அவருக்கு.

பதில் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. "கால்நடை என்று தாங்கள் குறிப்பிட்டிருப்பது பசுவா, எருதா, ஆடா என்பதைத் தெளிவுபடுத்தவும்" என்று வந்தது. தெளிவுபடுத்திப் போனது. அது எங்கோ ஓரிடத்தில் இன்னும் தெளிவாகிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்களில் குழுவும் இல்லை, குழப்பமும் இல்லை. அங்கெல்லாம் வழக்கே போடாமல் சனங்கள் தீர்ந்துபோனார்கள்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்பே ஆற்றிலிருந்து பெண்களைக் கூட்டிவந்தார்கள். மடத்து முற்றத்தில் மாயோவா காலையிலிருந்தே ரொட்டியும் மீனும் வைத்துக்கொண்டு காத்துக்கிடந்தான். அனாகா வந்தாள். எனக்கே அடையாளம் தெரியவில்லை. எலும்பின் மேல் தோலைப் போர்த்தி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் இருமினாள். மாயோவா அவளைப் பார்த்ததும் ஓவென்று அழுதான். நானும் அழுதேன். வெட்கம் என்ன இதில்?

தமாசோ சாமியார் பூரிப்போடு வந்தார். "சொல்லு யாரெய், எல்லாத்தையும் விவரமாச் சொல்லு! நாம எப்படி ஜெயிச்சோம்னு சொல்லு!" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் நடுவில் புகுந்து டான் கஸ்பார் மாதிரி இருமிக் காட்டினார், டான் பெல்த்ரான் மாதிரி துள்ளிக் காட்டினார், பண்டிதர் மாதிரி குறட்டை விட்டார். முற்றத்தில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அனாகா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"இதெல்லாம் எப்ப நடந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

"தவக்காலம் முழுக்க."

"அப்படின்னா?"

"இந்தச் சாமிமாருங்க இறைச்சி சாப்பிடாம இருக்கிற காலம்."

"மழைக்கு முன்னாடி மலைப்பக்கம் குளுருமே, அந்தக் காலமா?"

"ஆமா."

அவள் கொஞ்சம் இருமினாள். "அப்பத்தான் நம்ம பக்கத்து வீட்டுக் குவாயா செத்தா. என் பக்கத்துல நின்னு அரிச்சுக்கிட்டே தண்ணியில சாஞ்சா. தூக்கறதுக்குள்ள ஆறு கொண்டுபோயிருச்சு. அவளுக்கு அடுத்து இன்னும் ரெண்டு பேர். கேட்டுச் சொல்லுண்ணே. அன்னிக்கு உங்க கூடத்துல அவ என்னவா இருந்தா? மாடாவா, எதிரியாவா, பிள்ளையாவா?"

இத்தனை காலத் துபாஷிப் பிழைப்பில் நான் எதையும் அப்படியே மொழிபெயர்த்ததில்லை. இரண்டு பக்கமும் வலிக்காமல் கொஞ்சம் தேன் தடவித்தான் கொடுப்பேன். அன்றைக்கு அவள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

முற்றத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு அந்த ஒல்லிச் சாமியார் அவள் எதிரே புழுதியில் முழங்காலிட்டார். தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் அனாகா.

"முதல் நாளே உன்னைக் கூட்டியாந்திருக்கணுமாம். வாதம் பண்ற ருசியில நாளைக் கடத்திட்டாராம். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறாரு. நீ மன்னிச்சேன்னு சொன்னாத்தான் எந்திரிப்பாராம்."

அனாகா அவருடைய வழுக்கைத் தலையை வெகுநேரம் பார்த்தாள். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். தண்ணீர் குடித்தாள்.

"விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லு" என்றாள். "அது வரைக்கும் இவரும் நிலுவையில இருக்கட்டும்."

நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.